குழந்தை அத்தையின் பெஞ்சு

மிஷின் பலகையில் பாதி தூரம் போயிருந்தபோது மனைவி லவினா பின்வாசலில் வந்து நின்று கையை ஆட்டினாள். அவள் வாய் அசைவது எட்மண்டுக்குத் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ‘அத்தை’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் உதட்டிலிருந்து பிடித்துக்கொண்டான்.

நிறுத்த முடியாது. பலகை பதினெட்டு அங்குல அகலம். கைமிஷினின் வட்ட ரம்பத்தை நாற்பத்தைந்து டிகிரிக்குச் சாய்த்து, பலகையின் குறுக்கே ஒரு அலுமினியச் சட்டத்தை இறுக்கி, அதை ஒட்டியே ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பல் பட்ட தழும்பு விழும். தழும்பு விழுந்த விளிம்பு இன்னொரு விளிம்போடு ஒட்டிச் சேராது. இதே பலகையில் ஏற்கெனவே நான்கு அங்குலம் வீணாகியிருந்தது. இதற்கு மேல் வீணாக்க நீளம் இல்லை.

இன்னும் எட்டு அங்குலம் இருந்தது. டாக்டர் அத்தையைப் பற்றி “எப்ப வேணும்னாலும்” என்று சொல்லி இன்றோடு பன்னிரண்டு நாள். முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டு அங்குலத்தையும் தள்ளி முடித்தான். வெட்டுப்பட்ட துண்டு கீழே விழுந்தது. மிஷினை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினான். தலை, புருவம், மீசை எல்லாம் மரத்தூள்.

குழந்தை அத்தை ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா அத்தே, இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. மிஷின் சத்தம் மாறிச்சே, அதான் கேக்கலாம்னு. நேத்தெல்லாம் கத்திகினு இருந்துச்சி. இன்னிக்கு முனகுது. பிளேடு மாத்தினியா?”

“மாத்தினேன்.”

“அதான பாத்தேன். சரி, போ. வேலையப் பாரு.”

எட்மண்ட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். லவினா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தையின் ஞானஸ்நானப் பெயர் மரியகுழந்தை. உயரம் நாலடி ஐந்து அங்குலம். பேருக்கும் ஆளுக்கும் அப்படிப் பொருத்தம் அமைந்ததால் எண்பத்தோரு வயசிலும் சுரங்க ஊரான கோரமண்டல் முழுக்க அவள் குழந்தைதான். பத்து வயசுப் பிள்ளைகள்கூட “கொழந்தை ஆயா எங்க போறாங்க?” என்றுதான் கேட்கும். பிரசவ வார்டில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள். மேசை எட்டாது என்பதால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் பிள்ளைகளை வாங்குவாள். பிறந்தவுடன் அழாத பிள்ளைக்கு அவள் முதுகில் வைக்கும் அடி பிரசித்தம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “தெனமும் அந்த வார்டுல நடக்கறதப் பாத்துட்டு எவ கட்டிப்பா?” என்பாள்.

எட்மண்டுக்கு அவள் அப்பாவின் தங்கை. இருபது வருஷமாக அவனோடுதான் இருக்கிறாள். அவனுடைய அண்ணன் ஆர்தர் பெங்களூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கி, அத்தைக்கென்று தனி அறையே ஒதுக்கி, காரோடு வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. “லிஃப்ட்டுல பட்டன் எட்டாதுடா எனக்கு” என்று காரணம் சொன்னாள். அந்தக் காரணம் ஆர்தருக்குப் போதவில்லை. எடுத்த வேலையை முடித்துப் பழக்கப்பட்டவன் அவன். எதையுமே முடிக்காத தம்பியிடம் அத்தை ஏன் தங்கினாள் என்பது அவனுக்குப் புரியவே இல்லை. அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். நின்றபடியே காபி குடித்துவிட்டுப் போய்விடுவான்.

எட்மண்ட் முடிக்காத வேலைகளை எண்ணினால் ஒரு கை போதாது. கோழிக்கூட்டுக்குக் கூரை போடவில்லை. அலமாரிக்குக் கதவு போடவில்லை. கூரையில்லாத கூட்டில் தங்காமல் கோழிகள் கதவில்லாத அலமாரியில் தங்கின. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவன் வாதம். தினமும் ஆறு மணி ரயிலுக்குப் பெங்களூர் போய், ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகிறவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது. அந்த ஞாயிறும் பூசைக்குப் போய்விட்டு வந்து தூங்கினால் முடிந்துவிடும்.

பெஞ்சு விஷயம் அந்தப் பூசையில்தான் ஆரம்பித்தது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், கோயிலிலிருந்து நடந்து வரும்போது அத்தை சொன்னாள்: “எழுவது வருஷமா அந்தப் பெஞ்சுல உக்கார்றேன்டா. ஒரு நாளு காலு தரைல பட்டதில்ல. தொங்கிகினே செபம் பண்ணா எங்கேந்து மனசு நிக்கும்?”

“நா ஒண்ணு செஞ்சி குடுக்கறேன் அத்தே. உன் அளவுக்கு.”

“யாரு, நீயா?” என்றாள் அத்தை.

அதே மாசம் நந்திதுர்க் ரோட்டில் பழைய தூங்குமூஞ்சி மரமொன்று மழையில் சாய்ந்தது. மரக்கடையில் அதை அறுத்தபோது ஒரு முழு அகலப் பலகையைக் கேட்டு வாங்கி வந்தான். போனில் ஒரு படம் பார்த்திருந்தான்: உட்காரும் பலகை ஓரத்தில் அப்படியே மடங்கிக் காலாக இறங்குகிறது. ஆணி இல்லை, மூட்டு தெரியவில்லை. மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தண்ணீர் மாதிரி வழிகிறது. அத்தையிடம் காட்டினான். “பலகைய பொடவ மாதிரி மடிக்கறான் பாரு” என்று அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பலகைக்குத் தார்பாய் போர்த்தி, சுவரில் சாய்த்து வைத்தான். இரண்டு வருஷம் சாய்ந்தே இருந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவரும்போது, ராபர்ட்சன்பேட்டை தாண்டியதும் அத்தை கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: “அந்தத் தூங்குமூஞ்சி இன்னும் தூங்கிகினுதான் கீதா?”

பலகையைக் கேட்கிறாளா, தன்னைக் கேட்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாளே கம்பெனிக்கு லீவு சொன்னான். லவினாவின் தையல் டேப்பால் அத்தையின் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தான். பதின்மூன்றரை அங்குலம். இழைப்பதற்கு அரை அங்குலம் சேர்த்து, பதினாலு என்று பென்சிலால் சுவரில் எழுதினான்.

வேலையில் இறங்கியபிறகுதான் சங்கதி புரிந்தது. அந்தச் சாய்வு வெட்டுக்கென்றே மரக்கடையில் ஒரு மிஷின் இருந்தது. “இது ஆறு இஞ்சு சட்டத்துக்குதான் சார். உங்க பலகை அகலத்துக்கு பிளேடு எட்டாது” என்று கையை விரித்துவிட்டார்கள். கைமிஷினால் வெட்டிப் பார்த்தான். இரண்டு விளிம்பையும் சேர்த்தால் நடுவில் கத்தி நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. மேல்பக்கமெல்லாம் நார் நாராகப் பிய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் சம்பங்கி வந்தான். இருபத்திரண்டு வருஷமாக எட்மண்டோடு ஒரே ரயில் பெட்டியில் பெங்களூர் போய்வருகிறவன், லேத்து வேலைக்காரன். பையில் சொந்த மூலைமட்டம் வைத்திருந்தான். வெட்டின துண்டுகளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

“உன் மிஷின்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டுகீதே, அத நம்பினியா?”

“அப்புறம் எதுக்குப் போட்டுகீறான்?”

“விக்கறதுக்குப் போட்டுகீறான். இந்தப் பக்கம் கால் டிகிரி தப்பு, அந்தப் பக்கம் கால் டிகிரி. சேத்தா அரை. தப்பு எப்பவும் ஜோடியா வரும்பா.”

சம்பங்கி மிஷினின் அடித்தகட்டில் ஒரு ஓரமாக இன்சுலேஷன் டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினான். அதனால் சாய்வு மயிரிழை மாறியது. வெட்டும் கோட்டைக் கத்தியால் முதலில் ஆழமாகக் கீறச் சொன்னான், நார் அந்தக் கீறலைத் தாண்டிப் பிய்யாது என்று. அடியில் ஒரு வீணான பலகையைக் கொடுக்கச் சொன்னான். மீதித் துண்டுகளில் வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியையும் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது அவள் போட்ட சட்டம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பார்வை ஊசி. இரண்டு துண்டையும் சேர்த்து, இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பாள்.

“பல்லு தெரியுது.”

அடுத்த ஜோடி.

“இதுவும் சிரிக்குது. நடுப்பல்லு ரெண்டும் தெரியுது.”

ஆறாவது ஜோடியில் “கீழ்ப்பல்லு மட்டும்” என்றாள். சம்பங்கி டேப்பில் ஒரு அடுக்கை உரித்தான். ஒன்பதாவது ஜோடியை வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் நிஜப் பலகையில் கை வைத்தார்கள். மேல்பலகைக்கு இரண்டு ஓரம், கால்களுக்கு ஒவ்வொன்று; மொத்தம் நாலு வெட்டு. சனிக்கிழமை காலை அத்தை சத்தம் மாறியதென்று கூப்பிட்டனுப்பியது நாலாவது வெட்டின்போது.

பத்து மணிக்குச் சம்பங்கி வந்ததும் கோட்டுக்கு வெளியே மிச்சமிருந்த இழையை இழைப்புளியால் சீவி எடுத்தார்கள். பிறகு மேல்பலகையையும் ஒரு காலையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே மூலை சேர்த்துப் பிடித்தார்கள். வெயில் அவர்கள் முதுகில் அடித்தது. உள்ளேயிருந்து அத்தை பார்த்தாள். சம்பங்கி பலகையைத் தொடையில் தாங்கிக்கொண்டான்.

“ஆயா, சீக்கிரம் சொல்லு. வெயிட்டு.”

“இரு. அந்தப் பக்கம் திருப்பு.”

திருப்பினார்கள்.

“வெளிச்சம் வரல” என்றாள் அத்தை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நெஜமாவே வரலடா எட்மண்டு” என்றாள்.

பலகைகளைச் சாய்வு வெட்டு கீழே பார்க்கத் தரையில் போட்டு, விளிம்பு விளிம்பைத் தொட நீட்டமாக அடுக்கி, மூட்டின் மேல் அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் அகல டேப்பை ஒட்டினார்கள். திருப்பிப் போட்டு, பள்ளத்தில் பசை தடவி, கால்களை மடக்கித் தூக்கினார்கள். டேப்பே கீல் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே புடவை மடிப்பது போலத்தான் இருந்தது. கயிற்றால் சுற்றி இறுக்கி நிழலில் வைத்தார்கள்.

“நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது” என்றான் எட்மண்ட்.

அத்தை சாயங்காலம் ஐந்து மணிக்கு, “என்னை வெளிய கூட்டிகினு போ” என்றாள்.

“பசை காயல அத்தே.”

“நா இன்னாடா வெயிட்டு? முப்பத்திரெண்டு கிலோ. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துகீறான்.”

லவினா அவன் முகத்தைப் பார்த்தாள். எட்மண்ட் பின்பக்கம் போய், பெஞ்சுக்கடியில் நாலு செங்கல்லை அடுக்கி, மேல்பலகைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். லவினாவும் அவனுமாக அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்குவதற்கு ஒன்றுமில்லை, நைட்டியும் மயிரும்தான் கனம்.

பெஞ்சு முன்னால் வந்ததும் அத்தை குனிந்து பார்த்தாள்.

“செங்கல்ல எடு.”

“அத்தே, ஒரு ராத்திரி மட்டும்...”

“எடுடா. செங்கல்லு மேல உக்கார்றதுக்கு நீ எதுக்கு, தூங்குமூஞ்சி எதுக்கு?”

எடுத்தான். அத்தையை மெல்ல இறக்கினார்கள். மூலையில் டேப்பு ‘கிர்’ரென்று ஒரு சத்தம் போட்டது. எட்மண்டும் லவினாவும் அவளை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றுமில்லை.

அத்தை இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். மரத்தூளுக்குள் விரல்கள் புதைந்தன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து எட்மண்ட் பார்த்ததில்லை. எப்போதும் எதையோ பிடித்துக்கொண்டு, எதிலிருந்தோ குதித்து இறங்கத் தயாராக இருப்பவள் அவள்.

சேதி எப்படிப் போயிற்றோ, வரிசை வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். டேப்பும் கயிறும் சுற்றின பெஞ்சின் மேல் பார்சல் மாதிரி உட்கார்ந்துகொண்டு அத்தை எல்லோரையும் விசாரித்தாள். லவினா போட்ட டீயைப் பாதி குடித்தாள். மூலையைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. “இங்க மட்டும் ஒரு நூலு பிரிஞ்சிகீது. ஒரு தையல் போட்டுடு” என்றாள். எட்மண்ட் திருப்புளியின் உருண்டைத் தண்டை எடுத்து அந்த இடத்தில் சாய்த்து வைத்து அழுத்தித் தேய்த்தான். மரம் நசுங்கி மடிந்து இழையை மூடிக்கொண்டது. அத்தை மறுபடி தடவிப் பார்த்தாள்.

இருட்டுவதற்கு முன் கட்டிலுக்குத் தூக்கிப்போகும்போது அவன் காதருகில் சொன்னாள்: “அரை இஞ்சு கொறைச்சிருக்கலாம்.”

அவனுக்குச் சுவரில் பென்சிலால் எழுதினது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இழைத்துக் கழிக்க வேண்டிய அரை அங்குலத்தைக் கழிக்கவே இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, லவினா தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது லவினா காபியோடு போய்க் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிடவில்லை. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, எட்மண்டின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். அத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை தலையணைக்கடியில் இருந்தது.

கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அழுகை வந்ததுதான், ஆனால் நிலைக்கவில்லை. யாராவது ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் கெடுத்துவிடுவார். “எனக்கு இந்த முதுகுலதான் அடிச்சாங்க, அம்மா சொல்லும்” என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். “உனக்கு ஒண்ணு, எங்க மூணு பேருக்கும் சேத்து நாலு” என்றாள் ஒருத்தி. தான் பிறந்தபோது கொழந்தை ஆயா ஏறி நின்ற மரப்பெட்டி உடைந்து, விழுந்த நிலையிலேயே தன்னைப் பிடித்ததாகச் சம்பங்கி சொன்னான். அவன் பிறந்தது வேறு ஊரில், பங்காருபேட்டையில் என்று எட்மண்டுக்குத் தெரியும்.

ஒன்பதரைக்கு ஆர்தர் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்துப் போயிருந்தான். அத்தையின் நெற்றியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு காரியங்களை எடுத்துக்கொண்டான். ஃபாதரிடம் பேசி நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்தான். பேண்டுக்குச் சொன்னான். பன்னிரண்டுக்குப் பெட்டி வந்தது. பெட்டியை வைக்கும் கோயில் ஸ்டாண்டு மட்டும் வரவில்லை. முந்தின நாளே பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தது, திரும்ப மூன்று மணி ஆகும் என்றார்கள்.

“தரைல வைக்க வேணாம்” என்றான் ஆர்தர். சுற்றிலும் பார்த்தான். பின்வாசல் வழியாகப் பெஞ்சு தெரிந்தது. காலையில் எட்மண்ட் கயிற்றையும் டேப்பையும் அவிழ்த்திருந்தான். ஆர்தர் போய்ப் பக்கத்தில் குந்தினான். மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பதினெட்டு அங்குலமும் இழுத்துக்கொண்டே போனான். நகம் எங்கேயும் மாட்டவில்லை. அடுத்த மூலையிலும் அப்படியே செய்தான்.

“எங்க வாங்கினே?”

“வாங்கல.”

ஆர்தர் நிமிர்ந்து பார்த்தான்.

“செஞ்சேன்” என்றான் எட்மண்ட்.

ஆர்தர் மேல்பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

“தாங்குமா?”

எட்மண்ட் மனசுக்குள் கணக்குப் போட்டான். பெட்டியோடு சேர்ந்தால் எழுபது கிலோவுக்குக் குறையாது. அத்தனை பேர் குனிந்து தொடுவார்கள், சாய்வார்கள். மூலையில் வெறும் பசை. சம்பங்கி அவன் பக்கம் வந்து தணிந்த குரலில், “முளை எறக்கினியா?” என்றான்.

“இன்னிக்கு எறக்கலாம்னு இருந்தேன்.”

“அதான பாத்தேன்” என்றான் சம்பங்கி. எட்மண்டுக்கு அந்தச் சொல் சுருக்கென்றது.

“தாங்கும்ணா” என்றான் அண்ணனிடம். “முக்கால் மணி நேரம் குடு.”

வேலியிலிருந்து ஒரு காய்ந்த மூங்கில் கழியை உருவிக்கொண்டு வந்தான். சம்பங்கி டிரில் பிடித்தான். மூட்டுக்கு ஆறு ஓட்டை. ஆர்தர் சட்டைக் கையை மடித்துவிட்டு, “கத்தி எங்க?” என்று கேட்டான். பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்து முளை சீவ ஆரம்பித்தான். சீவல் அவனுடைய நல்ல பேண்ட் மேலெல்லாம் விழுந்தது. முதல் முளை பருமன், இரண்டாவது மெல்லிசு, மூன்றாவதிலிருந்து அளவு பிடிபட்டது. எட்மண்ட் வாங்கிப் பசையில் தோய்த்து ஓட்டையில் வைத்து மரச்சுத்தியால் இறக்கினான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தாள். “சாவு வூட்ல ஆணி அடிக்கறாங்களே, யாரும் கேக்க மாட்டீங்களா?”

“ஆணி இல்ல பெரிம்மா, மூங்கில்” என்றாள் லவினா. பெரியம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். மூங்கிலுக்கு என்ன விதி என்று அவளுக்குத் தெரியவில்லை. “நேரா அடிங்கடா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்தாவது முளையைக் கொடுக்கும்போது ஆர்தர் தலை நிமிராமல் கேட்டான். “கடைசியா ஏதாவது சொன்னாங்களா?”

எட்மண்ட் சுத்தியை மடியில் வைத்துக்கொண்டான்.

“அரை இஞ்சு கொறைச்சிருக்கலாம்னு சொன்னாங்க.”

ஆர்தருக்கு முதலில் விளங்கவில்லை. எட்மண்ட் பெஞ்சின் காலைக் காட்டினான். ஆர்தரின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் குலுங்கி, பிறகு தாளாமல் வாய்விட்டே வந்துவிட்டது. கையில் கத்தியோடு, தரையில் உட்கார்ந்தபடி, அவ்வளவு பெரிய ஆள் சிரித்தான். சம்பங்கியும் சேர்ந்துகொண்டான். உள்ளே யாரோ, “இன்னா நடக்குது அங்க?” என்றார்கள். ஆர்தர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு மணிக்குப் பெஞ்சைக் கூடத்தில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பெட்டியை நாலு பேர் இறக்கினார்கள். எட்மண்ட் கடைசிவரை கையை எடுக்கவில்லை. முனகல் எதுவும் வரவில்லை. அப்புறம்தான் எடுத்தான்.

பெஞ்சு தாழ்வாக இருந்ததால் பார்க்க வந்தவர்களெல்லாம் குனிய வேண்டியிருந்தது. உயரமானவர்கள் முழங்காலிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் யாரும் தூக்கிக் காட்டாமலே வந்து, அத்தையின் முகத்துக்கு நேராக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு மணிக்குப் பேண்டு அவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி வேகமான பாட்டையே வாசித்தது. சுரங்கத்து மண்மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது கல்லறையில் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தபின், ஆள்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரோ பெஞ்சைப் பின்பக்கம் தூக்கிப் போட்டிருந்தார்கள். எட்மண்ட் அதில் போய் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கார் சாவியோடு விடைபெற வந்த ஆர்தர் கொஞ்ச நேரம் நின்றான். எட்மண்ட் நகர்ந்து இடம் கொடுத்தான்.

லவினா டீ கொண்டுவந்தபோது இரண்டு பேரும் தாடையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டம்ளரைக் கொடுக்க அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. ஆர்தர் வாங்கிக்கொண்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். நீளமான கால்களை மரத்தூளின் மேல் நீட்டிக்கொண்டான்.